விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு

"எல்லாரையும் சோதிச்சாச்சுல்ல? இப்ப முதலாளியையும் சோதிங்க."

காலை 10:05. பராவோனா நகரம், தோன் ஃபுல்வியோவின் நகை பழுதுபார்க்கும் பட்டறை. கேட்டவள் யஹைரா, வயது இருபத்து மூன்று. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படித்தது கற்களைப் பற்றி. அவளுடைய அம்மா மெலிதாவுக்கு இந்தப் பட்டறையில் இருபத்தாறு வருடம். தினமும் கிளம்பும்போது, பொன்தூள் எதுவும் ஒட்டவில்லை என்று நகக்கண்ணைக்கூடத் துலக்கிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். முதலாளியின் பையைக் காட்டச் சொல்லி மட்டும் ஒருநாளும் கேட்டுவிடாதே என்பது மகளுக்கு அம்மா போட்ட சட்டம்.

"யஹைரா, வாய மூடு," என்றாள் மெலிதா.

"இருபத்தாறு வருஷம் நீ மூடினது போதும்மா."

நடந்தது இதுதான். நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, வாடிக்கையாளர் தோன்யா நெரெய்தா தன் லரிமார் பதக்கத்தைக் கொண்டுவந்தார். கடல் நீலக் கல், கல்யாணத்துக்குக் கணவர் போட்டது. சங்கிலி கோக்கும் வளையம் மட்டும் ஒடிந்திருந்தது. இன்று காலை 9:10க்கு அவர் வந்து நகைப் பெட்டியைத் திறந்தால் வளையம் புதுசாகப் பளபளத்தது. கல் மட்டும் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. மெலிதா நல்ல கல்லைத் திருடிவிட்டு மட்டக்கல்லைப் பதித்துவிட்டாள் என்று சொல்லி, தோன் ஃபுல்வியோ போலீசைக் கூப்பிட்டார்.

சார்ஜென்ட் எலிசியோ அம்மாவையும் மகளையும் சோதித்துவிட்டார். யஹைராவின் பையில் கிடைத்தது ஒரு தகர டப்பா.

"இதென்ன?"

"அம்மாவோட வேலைச் சாமான், அரம், குறடு எல்லாம். அவங்க சொந்தக் காசுல வாங்கினது. வீட்டுக்குப் போகுது."

கல் கிடைக்கவில்லை. இப்போது முதலாளியின் முறை.

"நாலு எழுத்து படிச்சுட்டா என் பையிலயே கை விடுவாளா இவ?" தோன் ஃபுல்வியோவின் முகம் சிவந்தது.

"ஒளிக்க ஒண்ணுமில்லன்னா காட்டிட்டுப் போங்களேன்," என்றார் தோன்யா நெரெய்தா.

தோன் ஃபுல்வியோ பையை உதறினார். ஒரு கைக்குட்டை, ஒரு டொமினோ கட்டை, ஒரு பித்தளைச் சாவி.

"சாவி எதுக்கு?" என்றார் சார்ஜென்ட்.

"கேஸ் சிலிண்டருக்கு. மெலிதா கையில குடுத்தா ஒரே வாரத்துல ஊதித் தீர்த்துடுவா. ஒரே சாவிதான். திங்கக்கிழமையிலருந்து நான் வெளியவே எடுக்கல."

யஹைரா அம்மா பக்கம் திரும்பினாள்.

"நேத்து நீ என்ன செஞ்ச?"

"கல்லக் கழட்டிட்டுத்தான் வளையத்தப் பத்த வச்சு ஒட்டணும், ரெண்டு நாளாகும்னு சொன்னேன். மொதலாளி திட்டினாரு. நாலு மணிக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. பதக்கம் மேஜை மேலயே இருந்துச்சு."

யஹைரா பதக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெளுத்த கல்லைச் சுற்றி, வெள்ளி விளிம்பை ஒட்டி, மை தீட்டியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு.

"சார்ஜென்ட், இத பாத்தீங்களா?"

"அழுக்கு."

"அழுக்குதான். தோன்யா, இத எத்தன வருஷமாப் போடறீங்க?"

"முப்பத்தொண்ணு. பவுடர், வேர்வை, சமையல், எல்லாத்தோடயும்."

"அந்த முப்பத்தொரு வருஷ அழுக்கு இன்னும் உள்ளயே இருக்கு. கல்ல மாத்தணும்னா விளிம்பத் திறக்காம முடியாது. திறந்தா எங்கம்மா மொதல்ல செய்யறது சோப்புத் தண்ணியில பிரஷ் போட்டு இதச் சுரண்டறதுதான். விளிம்ப யாரும் தொடவே இல்ல. அப்ப இது அதே கல்லுதான். யாரும் எதையும் திருடல."

"அப்புறம் நீலம் எங்க போச்சு?" என்றார் சார்ஜென்ட்.

"வெந்து போச்சு. லரிமாருக்கு நெருப்பு ஆகாது, நேரா பட்டா வெளுத்துடும். அழுக்கு கருகினதும் அதே நெருப்புலதான். கல்லக் கழட்டச் சோம்பல்பட்டு, அப்படியே வச்சு நெருப்பு ஊதற கேஸ் டார்ச்சப் பிடிச்சிருக்காங்க. கேஸ் இல்லாம டார்ச் எரியாது. சாவி ஒண்ணுதான். அது யார் பையில இருந்துச்சு?"

சார்ஜென்ட் புது வளையத்தைப் பார்த்தார், பிறகு மேஜைமேல் கிடந்த சாவியைப் பார்த்தார்.

"திங்கக்கிழமையிலருந்து எடுக்கல. ஆனா செவ்வாக்கிழமை வந்த நகைய நெருப்புல பத்த வச்சிருக்கு. எப்படி, தோன் ஃபுல்வியோ?"

தோன் ஃபுல்வியோ நாற்காலியில் சாய்ந்தார். "தோன்யா காலையிலயே வந்துடுவேன்னாங்க. ஒரு நிமிஷ வேலைதானேன்னு..."

"அந்த ஒரு நிமிஷத்துக்கு எங்கம்மா ஜெயிலுக்குப் போகணுமா?" யஹைராவின் குரல் உடைந்தது. அதற்காக அவள் நிறுத்தவில்லை. "எழுதுங்க சார்ஜென்ட். மெலிதா திருடலன்னு எழுதுங்க. புகார் பொய்யின்னும் எழுதுங்க. அவரே கையெழுத்துப் போடட்டும்."

காலை 10:50. கையெழுத்து விழுந்தது.

"மெலிதா, இத ஊருக்குச் சொல்லாத," தோன் ஃபுல்வியோ குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு வழக்கம்போல வந்துடு. ஒம் பொண்ணுக்கும் இங்கேயே ஒரு வேலை போட்டுத் தரேன்."

மெலிதா மகளைப் பார்த்தாள். யஹைரா முதலாளியைப் பார்க்கக்கூட இல்லை. சேதி கேட்டு 9:40க்கு உள்ளே நுழைந்ததும், இன்னும் யார் குற்றவாளி என்றே தெரியாதபோது, அவள் செய்த முதல் காரியம் மேஜையிலிருந்த அந்தத் தகர டப்பாவைத் தன் பையில் போட்டுக்கொண்டதுதான்.

மெலிதா மெல்ல ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள்.

வாசலில் யாரும் நகக்கண்ணைக் காட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யஹைரா நின்றிருக்க மாட்டாள். டப்பா கலகலக்க அவள் அம்மாவோடு வெயிலில் இறங்கினாள்.