மாலையோடு அளந்த துடுப்பு

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மனித குலத்தை வாட்டிவந்த கடைசிச் சந்தேகம் வெள்ளிக்கிழமை மாலை கோவளம் கடற்கரையில், அலைத்துறை அமைச்சர் முன்னிலையில், நாதஸ்வர இசையோடு தீர்த்துவைக்கப்பட்டது. புதிய அலைப்பலகைக்கு எத்தனை துடுப்பு வைப்பது, எந்த அளவில் வைப்பது என்பதே அந்தச் சந்தேகம். பசி, போர் முதலியவை முன்பே தீர்ந்துவிட்டனவா என்று யாரும் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமில்லை.

துடுப்பு என்றால் படகு வலிக்கிற துடுப்பு அல்ல. அலைமேல் நின்று சறுக்கும் பலகையின் அடியில், வால் பக்கமாக, மீனுக்கு இருப்பதுபோல் நீட்டிக்கொண்டிருப்பது. கடற்கரையில் எல்லோரும் ‘ஃபின்’ என்பார்கள். துடுப்பு என்ற சொல்லைக் கலைச்சொல் குழு பல கூட்டங்கள் போட்டு, மதியச் சாப்பாடும் சாப்பிட்டுக் கண்டுபிடித்தது. அது இல்லாத பலகை ஈரத்தரையில் விழுந்த சோப்பு. ஒன்று வைத்தால் நேராக, கௌரவமாகப் போகும். திரும்பச் சொன்னால் யோசிக்கும். இரண்டு வைத்தால் ஷேர் ஆட்டோ மாதிரி நினைத்த இடத்தில் திரும்பும், நினைக்காத இடத்திலும் திரும்பும். மூன்று என்பது எதிலும் வம்பு வேண்டாம் என்பவர்களுக்கு. நான்கு, வேகப் பைத்தியங்களுக்கு. துடுப்பு பெரிதாக இருந்தால் கனத்த உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். ஒல்லி உடம்பை அசையவிடாது.

இதை வைத்து ஊரில் எத்தனையோ டீ ஆறிப்போயிருக்கிறது. இனி ஆறாது. மெய்யளவி வந்துவிட்டது.

மெய்யளவி என்பது ஒரு வளைவு. கல்யாண மண்டப வாசலில் வைப்பார்களே, அந்த உயரம். ஆள் உள்ளே போய் நின்றால் ஒரு நீல வெளிச்சம் தலையிலிருந்து கால்வரை தடவிக்கொண்டு இறங்கும். அந்த ஆளுக்கு வேண்டிய பொருள் பக்கத்துத் தொட்டியில் காளான்போல முளைக்கும். செருப்பு, சட்டை, பல்செட்டு, நாற்காலி, எதுவானாலும் அவருக்கென்றே வளர்ந்தது. நாற்காலி வேறு ஆள் உட்கார்ந்தால் திருடன் என்று எடுத்துக்கொண்டு உதறித் தள்ளிவிடும். அந்த வசதிக்காகவே பலர் வாங்கினார்கள்.

கண்டுபிடித்தவர் முனைவர் பூதலிங்கம். அவர் போட்ட விதியையே அரசும் சட்டமாக்கியது: ஓர் உடல், ஓர் அளவு. ஆயுளுக்கு ஒருமுறைதான் அளக்கலாம். மறுபடி மறுபடி அளந்தால் கருவிக்குத் தன்மேல் நம்பிக்கை போய்விடும் என்று முனைவர் விளக்கியிருந்தார்.

ஆயுளுக்கு ஒருமுறை என்றதும் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? மெய்யளவு விழா காதுகுத்தைவிடப் பெரிதாயிற்று. பத்திரிகை அடித்தார்கள். பிரியாணி போட்டார்கள். பெண்கள் பட்டும் ஒட்டியாணமுமாக வந்தார்கள், ஆண்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்கள். போட்டோ எடுப்பார்கள் அல்லவா? கருவி நின்றதை நின்றபடியே அளந்தது. அதன்பிறகு வீட்டில் தன் சொந்த நாற்காலியில் சாய வேண்டுமென்றாலும் ஒட்டியாணம் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் அது நாகரிகமாகிவிட்டது. கருவியில் தப்பு இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரியாணிச் செலவு அப்படி.

இந்த ஊரில் இதுவரை அளவெடுக்காமல் இருந்தவள் ஜெசிந்தா. அலைச்சறுக்கில் நாட்டிலேயே முதல் ஆள். போன வருடம் உலக இறுதிப் போட்டியில் ஓர் ஆஸ்திரேலியக்காரியிடம் ஒரே ஒரு திருப்பத்தில் தோற்றவள். இந்த வருடம் இறுதிப் போட்டி அவள் வீட்டு வாசலிலேயே, கோவளத்து அலையிலேயே நடக்கிறது. இனி இந்தக் கரைக்கு அது எப்போது திரும்பி வருமோ, யாருக்கும் தெரியாது. அவளுடைய அண்ணன் அலோசியஸ்தான் அவளுக்குப் பயிற்சியாளர், சமையல்காரன், திட்டுகிறவன் எல்லாம். இத்தனை காலமும் இருவரும் துடுப்பைக் கழற்றி மாட்டி, கடலில் இறங்கிப் பார்த்து, சண்டை போட்டு, மறுபடி கழற்றி மாட்டித்தான் ஓட்டினார்கள். இந்த வருடம் அலைச்சறுக்குச் சம்மேளனம் சொல்லிவிட்டது: மெய்யளவி வளர்த்த துடுப்பு மட்டுமே செல்லும்.

எனவே விழா.

அமைச்சர் தம் சொந்த நாற்காலியோடு வந்தார். எங்கே போனாலும் அதைக் கொண்டுபோவார். அதில் அவர் அமரும் அழகே தனி. நெஞ்சை நிமிர்த்தி, முகத்தை இறுக்கி, சிலைபோல இருப்பார். உட்கார்ந்திருக்கும்போது ஓரிரு சொல்லுக்கு மேல் பேசமாட்டார், சிரிக்கவே மாட்டார். அளந்து பேசும் தலைவர் என்று பத்திரிகைகள் எழுதின.

அமைச்சர் எழுந்து ஜெசிந்தாவுக்கு மாலை போட்டார். ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய ஆளுயர மாலை. கட்சிக்காரர்கள் இருவர் தூக்கி வந்தது. மேலே பொன்னாடை. அதற்கு மேலே சம்மேளனத்தின் பொன்னாடை. சம்மேளனத்திலிருந்து பிரிந்த சம்மேளனத்தின் பொன்னாடை. கையில் கருங்கல் பீடத்தில் பித்தளை அலை ஒன்று, நினைவுப் பரிசாக. வெயிலில் காய்ந்த கருவாடு மாதிரி இருந்த பெண், கோயில் உற்சவர் மாதிரி ஆகிவிட்டாள்.

“உள்ளே வாம்மா,” என்றார் பூதலிங்கம், வளைவைக் காட்டி.

அலோசியஸ் மேடை ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். “சார், மாலையக் கழட்டிட்டு அளக்கலாமே.”

அமைச்சரின் உதவியாளர் தணிகைமலை அவன் தோளில் கை வைத்தார். “தம்பி, தலைவர் போட்ட மாலை. தலைவர் மேடையில இருக்கும்போதே கழட்டறதா?”

“இல்லண்ணே, அளவு…”

“கேமரா ஓடுது. சிரி.”

அலோசியஸ் சிரித்தான். நீல வெளிச்சம் மாலையைத் தடவி, பொன்னாடைகளைத் தடவி, கருங்கல்லைத் தடவி இறங்கியது. தொட்டியில் வைத்திருந்த புதிய பலகை நடுங்கியது. அதன் அடியில் மூன்று துடுப்புகள் முளைத்தன. ஒவ்வொன்றும் சுறாவின் முதுகில் இருப்பது போலிருந்தது. பலகையோடு பலகையாக வளர்ந்தவை. இனிக் கழற்ற முடியாது. கூட்டம் கை தட்டியது. தமிழன் கண்டுபிடித்த கருவி, தமிழ்ப் பெண்ணுக்கு, தமிழ்க் கடலோரத்தில் என்று ஒருவர் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் கடல் உள்வாங்கிவிட்டது.

மறுநாள் காலை பயிற்சி. ஜெசிந்தா அலை ஏறினாள், எழுந்து நின்றாள், இடுப்பை ஒடித்தாள். பலகை கேட்கவில்லை. பணிமனைக்குத் திரும்பும் அரசுப் பேருந்து மாதிரி யாரையும் பார்க்காமல் நேரே கரைக்கு வந்து நின்றது. அடுத்த அலையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

“இன்னாண்ணா இது,” என்றாள் மணலில் உட்கார்ந்து. “கட்டுமரம் கூடத் திரும்பும்.”

இருவரும் பலகையைத் தூக்கிக்கொண்டு முனைவரிடம் போனார்கள். அவர் கடற்கரை விடுதியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கருவி தப்பா அளந்திருக்கு சார்,” என்றான் அலோசியஸ்.

“கருவி தப்பு பண்ணாது. உங்க தங்கைதான் தப்பா இருக்காங்க.” அவர் மணிக்கட்டைத் தட்டினார். காற்றில் ஓர் உருவம் எழுந்தது. “பாருங்க. மார்பு கதவு அகலம். உடம்பு முழுக்கப் பூப்பூவா ஒரு தோல். வலது கை முடியற இடத்துல கருங்கல். அந்த உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான துடுப்பு உலகத்துலயே கிடையாது.”

“அது ஷீல்டு சார்.”

“அது கருவிக்குத் தெரியாதே. அதைப் பொறுத்தவரைக்கும் பொறந்ததுலேர்ந்து இவங்களுக்கு அது இருக்கு.”

“மறுபடி அளங்க.”

“ஓர் உடல், ஓர் அளவு,” என்றார் முனைவர், சட்னியைத் தொட்டுக்கொண்டு. தம் வாசகத்தை எப்போது சொன்னாலும் அவர் கண்ணில் ஒரு பெருமிதம் வரும். இப்போதும் வந்தது.

ஜெசிந்தா அந்தக் காற்று உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டாக, கம்பீரமாக, கல்லைத் தூக்கிக்கொண்டு அது நின்றது.

அலோசியஸ் மெதுவாகக் கேட்டான். “அப்ப சார், சட்டப்படி அந்த மாலையும் இவ ஒடம்புதானா?”

முனைவர் இட்லியை நிறுத்தினார். அவருடைய கருவியைப் பற்றி ஒருவன் தர்க்கபூர்வமாகக் கேட்பது வெகு காலத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. “ஆமாம். அளவில் உள்ளதெல்லாம் உடல். மிகச் சரியான கேள்வி.”

“நாளைக்கு நடுவர் கேட்டா இதையே சொல்வீங்களா?”

“உலகமே கேட்டாலும் சொல்வேன்.”

வெளியே வந்ததும் ஜெசிந்தா அண்ணனின் முதுகில் ஒன்று வைத்தாள். “நீ இன்னா நெனைக்கறேன்னு எனக்குத் தெரியும். முடியாது. ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். போன வருசம் தோத்துட்டு வந்தியே, ஒருத்தரும் சிரிக்கல. அது நல்லா இருந்துச்சா?”

கொஞ்ச தூரம் நடந்தபின், “மாலையை நைலான் நூல்ல கட்டச் சொல்லு,” என்றாள். “வாழைநாரா இருந்தா தண்ணில அவுந்துடும்.”

இறுதிப் போட்டியன்று கோவளம் முழுக்கக் கடற்கரையில் இருந்தது. ஜெசிந்தா ஆளுயர மாலையோடும் பொன்னாடைகளோடும், கருங்கல்லைத் துணியில் சுற்றி வலது கையோடு இறுக்கக் கட்டிக்கொண்டும் வந்தாள். ஊர் சிரித்தது. அவளுடைய சித்தப்பாவே சிரித்தார். ஆஸ்திரேலியக்காரி நடுவரிடம் ஓடினாள். நடுவர் முனைவரிடம் ஓடினார். முனைவர் எழுந்து, மாலை இல்லாமல் இறங்குவதுதான் விதிமீறல், நியாயமாகப் பார்த்தால் அவள் குளிக்கும்போதுகூட அதைக் கழற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லி உட்கார்ந்தார்.

ஜெசிந்தாவுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. நைலான் நூல் அவிழாது. ஆனால் பூ உதிரும். உதிர உதிரக் கனம் குறையும். கனம் குறைந்தால் பலகை மறுபடியும் பேருந்தாகிவிடும். ஆகவே அவளுக்கு இருப்பது ஒரே ஓர் அலை. சின்ன அலைகளையெல்லாம் போகவிட்டாள். கரையில் முணுமுணுப்பு எழுந்தது. அலோசியஸ் நகத்தைக் கடித்தபடி நின்றான். முகத்துவாரப் பக்கம் கடல் கறுத்து எழும்பியபோது அவள் திரும்பிப் படுத்துக் கையால் வலித்தாள். ஒரு கை கல்லோடு.

எழுந்து நின்றாள். இடுப்பை ஒடித்தாள்.

துடுப்புகள் தண்ணீரைக் கவ்வின. பலகை அலையின் மடியில் கீழே பாய்ந்து, அடியில் வளைந்து, அதே வேகத்தில் உச்சிக்கு ஏறி, அங்கே பூவிதழ்களை விசிறிக்கொண்டு திரும்பியது. போன வருடம் அவளைத் தோற்கடித்த அதே திருப்பம். மறுபடி கீழே. மறுபடி மேலே. தான் ஒரு பெரிய, கனத்த, யாராலும் அசைக்க முடியாத பெண் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்திருந்தது. கடைசி ரோஜா உதிர்ந்தபோது கரை வந்துவிட்டது. கழுத்தில் வெறும் நைலான் நூலோடு, பொன்னாடையிலிருந்து தண்ணீர் சொட்ட, கல்லைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து வந்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா அழுதுகொண்டிருந்தார்.

கோப்பை கோவளத்தில் தங்கியது. பெருமை மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. மாலை போட்டால் அலை வசப்படும் என்று உலகம் புரிந்துகொண்டது. போர்ச்சுகலில் சம்பங்கி கிடைக்கவில்லை. ஹவாயில் பொன்னாடைக்கு ஆள் பிடித்தார்கள். கருவிக்கு ஏற்ப மனிதன் தன்னைத் திருத்திக்கொள்வதே பரிணாமத்தின் அடுத்த படி என்று பூதலிங்கம் கட்டுரை எழுதினார், அதற்கும் ஒரு பொன்னாடை வாங்கினார்.

பாராட்டு விழா அதே மேடையில் நடந்தது. உலகச் சாம்பியனுக்கு மட்டும் மறு அளவு எடுக்கலாம் என்று அவசரச் சட்டம் வந்திருந்தது. இம்முறை மாலையைக் கிரேனில் தொங்கவிட்டிருந்தார்கள். அமைச்சர் தம் நாற்காலியில் சிலைபோல இருந்தார்.

ஜெசிந்தா கடலிலிருந்து நேரே வந்திருந்தாள், ஈரப் பனியனோடு. கிரேன் இறங்கியது. அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“மாலை வேணாம்.”

தணிகைமலை பதறினார். “தலைவர் போடற மாலைம்மா.”

“போட்டா அதையும் என் ஒடம்புன்னு சொல்லிடுமே அண்ணே. அப்புறம் தூங்கறப்பவும் மாட்டிக்கணும்.” அவள் அமைச்சரைப் பார்த்தாள். அவர் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. கண் ஓரம் சிவந்திருந்தது. கல்லைச் சுமந்துகொண்டு நின்றபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அருகில் போய்த் தணிந்த குரலில் கேட்டாள். “எத்தினி வருசமா ஐயா அடக்கிக்கிட்டு இருக்கீங்க?”

அமைச்சர் பதில் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை.

“வுட்டுடுங்க ஐயா. இங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்.”

அமைச்சர் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, மெய்யளவு விழாவில் போட்டோவுக்காக இழுத்துப் பிடித்த அந்த மூச்சை, நாற்காலியில் அமர்ந்தபடி முதன்முதலாக விட்டார். வயிறு தன் இடத்துக்கு வந்தது. முகம் தளர்ந்தது. அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு.

நாற்காலி அவரைத் திருடன் என்று எடுத்துக்கொண்டது. உதறியது. மாண்புமிகு அமைச்சர் மேடையைத் தாண்டி, நாதஸ்வரக்காரர்களைத் தாண்டி, ஈர மணலில் போய் விழுந்தார். கட்சிக்காரர்கள் ஓடினார்கள். பூதலிங்கமும் ஓடினார், நாற்காலியைப் பார்க்க.

நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை.