கடைசி வாரத்துச் சாட்சி

திங்கட்கிழமை காலை பத்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, சேஷகிரி ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஆபீஸ் படியேறினார். அவென்யூ ரோட்டில் வார் அறுந்துவிட்டது. குடைக் கம்பி ஒன்றும் பிய்த்துக்கொண்டது. 1932ஆம் வருஷத்து ஆடித் தூறல் பெங்களூர் பூராவையும் விட்டுவிட்டு அவர் தலைப்பாகையைத் தேடித் தேடி நனைத்தது. போகட்டும், சனிக்கிழமையோடு ரிடயர் ஆகிறவனுக்குச் செருப்பென்ன, குடையென்ன?

அவர் அங்கே ரிக்கார்டு கீப்பர். ஜன்னலே இல்லாத நீளமான அறை. கூரை வரை அலமாரிகள், அவற்றில் சிவப்புத் துணியில் கட்டிய பழைய காகிதங்கள். பட்டப்பகலிலும் லாந்தர் இல்லாமல் உள்ளே போக முடியாது. எந்தக் கட்டைக் கேட்டாலும் ஐந்தே நிமிஷத்தில் கொண்டுவந்து வைப்பார். 'சேஷகிரி கையில் கொடுத்த காகிதம் தொலையாது' என்று ஆபீஸில் பேச்சு. இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் சேர்த்த ஒரே சொத்து அந்தப் பேர்தான்.

அதில் பாதி வேறொருவருக்குச் சேர வேண்டியது. அவருக்கு முன்னால் ரிக்கார்டு கீப்பராக இருந்த சுந்தரேசன், 1904இல் அந்த அறையிலேயே கடைசி அலமாரியின் அடியில் மாரடைத்துச் செத்துப்போனார். மூக்குப்பொடி இல்லாமல் மூச்சு விடாத மனுஷர். அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து சேஷகிரி தினமும் கடைசி அலமாரி விளிம்பில் ஒரு சிட்டிகை பொடி வைப்பார். சாயங்காலம் பொடி இருக்காது. அவர் தேடுகிற கட்டு மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை பயந்துபோய் மூன்று நாள் ஜுரத்தில் கிடந்தார். அப்புறம் பழகிவிட்டது. பேயானால் என்ன, உபகாரம் செய்தால் உறவுதானே!

இந்த வாரம்தான் எல்லாம் கோணிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை தயிர்சாதம் முழுக்க எறும்பு. புதன்கிழமை, புதிதாக மாற்றலாகி வந்த சூப்பரின்டெண்டென்ட் பெர்னார்டின் வெள்ளைக் கால்சட்டையில் மைக்கூடு கவிழ்ந்தது. மேஜையின் ஓரத்தில்கூட இல்லாத மைக்கூடு. வியாழக்கிழமை, ஒரு விதவையின் நில வழக்குக் கட்டைக் கேட்டார்கள். சனிக்கிழமை அது கோர்ட்டில் இருக்க வேண்டும்.

கட்டைக் காணவில்லை.

திங்கட்கிழமை வைத்த பொடி அப்படியே இருந்தது. செவ்வாய், புதன், வியாழன் வைத்ததும் அப்படியே.

"என்ன சேஷகிரி சார், கேஸ்ல எதிர்க்கட்சிக்காரன் பணம் கொடுத்து உங்கள கவனிச்சுட்டான்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்கே," என்றார் பெர்னார்ட். குரலில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது. "சாட்டர்டே மார்னிங் வரைக்கும் டைம் தரேன். இல்லேன்னா உங்களுக்கு மாலை இல்ல, என்கொயரிதான்."

அன்று சாயங்காலம் சேஷகிரி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏன்னா, இன்னும் ரெண்டு நாள்தானே, பல்லைக் கடிச்சுண்டு ஓட்டிடுங்கோ," என்றாள் அவர் மனைவி ருக்மிணி. திருடன் என்ற பேரோடு வீட்டுக்கு வரப்போகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் லாந்தரை எடுத்துக்கொண்டு கடைசி அலமாரிக்குப் போனார். ஈரத் துணியும் மக்கிய காகிதமும் நாறின. வெளியே குமாஸ்தாக்கள் காப்பி குடிக்கும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

"ஸ்வாமி," என்றார் மெதுவாக. "என்ன குத்தம் பண்ணினேன்?"



பொடி வாசனை வந்தது.

மேல் தட்டில் ஒரு கட்டு நகர்ந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரல் விரலாக வெளியே வந்தது. ஒரு சாண்.

சேஷகிரிக்கு அழுகையே வந்துவிட்டது. கைவிடவில்லை, கைவிடவில்லை என்று முணுமுணுத்தபடி முடிச்சை அவிழ்த்தார்.

விதவையின் கட்டு இல்லை அது. 1904ஆம் வருஷத்து விசாரணைக் கட்டு.

மேலே இருந்த தாளில் அவருடைய சொந்தக் கையெழுத்து.

'ரிக்கார்டு கீப்பர் சுந்தரேசன், காணாமற்போன கட்டைத் தமது அங்கவஸ்திரத்தில் மறைத்து எடுத்துப் போனதை நான் கண்ணாரக் கண்டேன். இப்படிக்கு, சேஷகிரி, உதவி குமாஸ்தா.'

கண்ணாரக் காணவில்லை. கோர்ட்டிலிருந்து திரும்பும்போது அந்தக் கட்டை ஜட்கா வண்டியில் மறந்து தொலைத்தது அவரேதான். இருபத்தேழு வயசு, கல்யாணமான புதுசு, வேலை போய்விடும் என்ற பயம். கிழவருக்கோ ரிடயர் ஆக ஆறே நாள். அவருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமைதான் சுந்தரேசன் இதே இடத்தில் விழுந்தார். அப்புறம் கட்டுகள் நீட்ட ஆரம்பித்தபோது, மன்னித்துவிட்டார் என்று சேஷகிரி நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருஷம் தூங்கினார்.

மன்னிப்பில்லை. கிழவர் அவரை வளர்த்திருக்கிறார். பேரும் புகழுமாக வளர்த்து, சரியாக அதே வாரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

"இருபத்தெட்டு வருஷம் பொடி வெச்சேனே!" என்று கத்தினார். "நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டீரே!"

அலமாரிக்குப் பின்னால் யாரோ சர்ரென்று பொடி உறிஞ்சினார்கள்.

"நானா?"

லாந்தர் அணைந்தது. சேஷகிரி சுவரைத் தடவித் தடவி வெளியே வந்து விழுந்தார்.

சனிக்கிழமை காலை அவர் ஒரு முடிவோடு வந்தார். உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டால் கிழவர் மனம் ஆறும்; கட்டும் கிடைக்கலாம். கிடைக்காவிட்டாலும் செய்யாத திருட்டுக்குப் பதில் செய்த பாவத்துக்கு அவமானப்படலாம். வெராண்டா வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதினார். 'அன்று கட்டைத் தொலைத்தவன் நான். சுந்தரேசன் குற்றமற்றவர்.' இரண்டு தரம் படித்துப் பார்த்து, மடித்து, பத்தடி நடந்துபோய் பெர்னார்டிடம் கொடுத்தார்.

பெர்னார்ட் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் சார். என் பாவம் அது."

"உங்க மேல நீங்களே சாட்சி சொல்லிக்குவீங்களா? வேற பேர்ல கையெழுத்து வேற?" பெர்னார்ட் உரக்க வாசித்தார். "'ரிக்கார்டு கீப்பர் சேஷகிரி, காணாமற்போன கட்டைத் தமது அங்கவஸ்திரத்தில் மறைத்து எடுத்துப் போனதை நான் கண்ணாரக் கண்டேன். விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் வரச் சித்தமாயிருக்கிறேன். இப்படிக்கு, சுந்தரேசன்.'"

தாளைத் திருப்பிக் காட்டினார். இன்றைய தேதி. இடப்பக்கம் சாய்ந்த, கொம்பு நீண்ட எழுத்து. பழைய கட்டுகளின் மேல்சீட்டில் தினமும் பார்த்த எழுத்து.

"யார் இந்த சுந்தரேசன்? நம்ம ஆபீஸ்காரரா? பியூன், கூப்பிடு அவரை."

"வேண்டாம் சார்." சேஷகிரி மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பியூனுக்கும் அந்தப் பேர் தெரியாது. வெராண்டாவில் நின்று, கோர்ட்டில் சாட்சியைக் கூப்பிடுகிற மாதிரி மூன்று குரல் கொடுத்தான்.

"சுந்தரேசன்!"

குமாஸ்தாக்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

"சுந்தரேசன்!"

மழை நின்றிருந்தது.

"சுந்தரேசன்!"

பூட்டிக் கிடந்த ரிக்கார்டு ரூமுக்குள் யாரோ மெல்ல இருமினார்கள். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் சத்தம் கதவை நோக்கி வந்தது. பியூன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

"உள்ளதான் இருக்காரு சார். 'இதோ வரேன்'கிறாரு."

"வரச் சொல்லு," என்றார் பெர்னார்ட், பேனாவைத் திறந்துகொண்டே.