தூரில் ஊற்றிய பால்

மே மாத வெயிலில் திருப்பதியே வாடிக் கிடக்க, பின்கட்டில் இரண்டு நாளாகத் தண்ணீர் காணாத ஹனிசக்கிள் கொடிச்செடி மட்டும் புதுத் துளிர் விட்டிருந்தது. துளிர் அத்தனையும் வெளிச்சத்தை விட்டுவிட்டுப் படுக்கையறை ஜன்னல் பக்கம் வளைந்திருந்ததை நந்திதா கவனித்தாள்.

மாசமாக இருந்தபோது நர்சரியில் ஆசையாக வாங்கிய செடி. வேருக்குச் சூடு ஆகாதென்று தூரில் சருகு பரப்பினாள். அசுவினிப் பூச்சி பிடித்தபோது வேப்பெண்ணெய் தெளித்தாள். பங்குனியில் பிள்ளை பிறந்தான். பெயர் வைப்பதற்குள், பதினோராம் நாளே போய்விட்டான். அவன் போனது பாலுக்குத் தெரியவில்லை. மார்பு கட்டிக்கொண்டு கல்லாய் வலித்தது.

"பீச்சி, கால் படாத எடமா செடி தூர்ல ஊத்தும்மா," என்றாள் பக்கத்து வீட்டுத் தாட்சாயணி. "ஊத்தினதும் வந்துடணும். பேரு கீரு சொல்லிக்கினு அங்கயே நிக்காத."

நந்திதா சொன்னாள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயரை முதல் நாளே செடியிடம் சொன்னாள். "குடிடா தருண்." பெற்றவள் வேறென்ன செய்வாள், பாவம்!

பத்து நாளாகப் பால் நின்றுவிட்டது. செடி வளர்வது நிற்கவில்லை. பழைய கிளைகளில் மூன்றில் ஒன்றைக் கழித்துவிடச் சொல்லியிருந்தார் நர்சரிக்காரர். கத்தரி வைத்த இடத்தில் வெள்ளையாகக் கசிந்தது. பிள்ளையின் உச்சந்தலை வாடை. கத்தரியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அவள் கணவன் தீனாவுக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளிக்கெழம வீட்ட காலி பண்ணிக்கினு நம்ம ஊரு சத்தியவேட்டுக்கே போயிடலாம் நந்து. இந்தச் செடியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"பசியோட வுட்டுட்டு எப்டிங்க வர்றது?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு ஓட்டல் வேலைக்குக் கிளம்பிப் போனான்.

வியாழன் சாயங்காலம். மூட்டையெல்லாம் கட்டியாகிவிட்டது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவந்த ஆறு மணிக்கு, தெருவில் ஆட்டோக்களின் இரைச்சல் சற்றே ஓய்ந்த இடைவெளியில், பின்கட்டிலிருந்து ஈரமாக, விட்டு விட்டு, உதடு பிரிந்து ஒட்டும் சத்தம் சுவரோரமாக வந்து அவள் காதில் விழுந்தது. கதவைத் திறந்தாள்.

காற்று இல்லை. இலைகள் அசைந்தன. குழல் குழலாய் வெள்ளைப் பூக்கள். எல்லாம் வாய் திறந்திருந்தன.

"அம்மாகிட்ட பால் இல்லடா கண்ணு."

சத்தம் நின்றது. சருகுக்கு அடியிலிருந்து அழுகை. அதே அழுகை.

எப்படி ஓடுவாள்? மண்டியிட்டாள். ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றினாள். துளிர்கள் தோளைச் சுற்றின. மெல்ல. பிறகு இறுக்கமாக. முதல் பூ மார்பைப் பற்றியது. வலி. இன்னொன்று. அழுகை அடங்கியது.

"குடிடா," என்றாள், சருகைத் தடவிக்கொண்டே.

வெள்ளையாய் விரிந்து மஞ்சளாய் முதிர்கிற பூ அது. அன்று, அவள் மார்பைப் பற்றியிருந்த பூவில் தொடங்கி, ஒவ்வொரு கொத்தாக, செடி முழுக்கச் சிவந்துகொண்டே போனது.