மாட்டாத போஸ்டர்

ஹப்சிகுடா கடைவீதியில் அன்று பிடித்த மழை இருக்கிறதே, கண்ணுகளா... இரண்டு பேரை ஒரே இரானி ஹோட்டலுக்குள் தள்ளுவதற்கென்றே பெய்ததுபோல் பெய்தது!

பத்மப்ரியா நனைந்த போஸ்டரை மேஜைமேல் விரித்து, துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டிருந்தாள். மூளைச் செல்கள் வளரும் விதத்தைப் பார்த்து, மனச்சிதைவு நோயை முன்கூட்டியே கண்டறியும் சோதனை... ஆய்வுக்கூடத்தில் அவள் பாடுபட்டுக் கண்டது. நாளை மாநாட்டில் மாட்ட வேண்டும்.

எதிரே ஒருவன் டீயை மறந்து அதையே படித்துக்கொண்டிருந்தான். படிக்கப் படிக்க அவன் கண்கள் விரிந்தன... சட்டென்று எழுந்து போஸ்டரைச் சுருட்டிவிட்டான்!

"ஹலோ! தொட நக்கோ, தொடாதீங்க! யார் நீங்க?"

"தமிழ்ச்செல்வனுங்க, கோயமுத்தூர். பேடன்ட் தேடிக் குடுக்கற ஆபீஸ்ல வேலை. இந்தக் கண்டுபிடிப்பு உங்களுதுன்னு உரிமை கேட்டு, பேடன்ட்டுக்கு எழுதிப் போட்டாச்சுங்களா?"

"இல்ல. அதுக்கென்ன?"

"அப்ப மாட்டாதீங்க! நாலு பேர் பாத்துட்டா, புதுசுன்னு ஒத்துக்க மாட்டாங்க. பேடன்ட் இல்லாம எந்தக் கம்பெனியும் இதைச் செஞ்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதுங்க."

"எங்க அண்ணனுக்கு என்ன நோய்னு தெரியறதுக்குள்ள அவன் படிப்பே போச்சு. இது எல்லாருக்கும் தெரியணும். கடைச் சரக்கு இல்ல சார்!"

விருட்டென்று ஆட்டோ ஏறி மௌலா அலியில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் அந்தக் கண்கள்... அவள் வேலையை அத்தனை ஆசையாக இதுவரை யார் படித்தார்கள்? மனசு கேட்கவில்லை. தன் ஆய்வுக்கூடப் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, நான் யோசிக்கவே இல்லையேம்மா... நாளைக்கு மாட்டாதே!" என்றார் அவர்.

மறுநாள் மண்டபம் முழுக்க வண்ண வண்ணப் போஸ்டர்கள். அவள் பலகை மட்டும் வெறுமையாக... கண்ணைத் தாழ்த்தி நின்றாள்.

மதியம், போஸ்டரில் படித்த மாநாட்டைத் தேடி மூச்சு வாங்க வந்தான் அவன்.

"மாட்டலைங்களா?"

"நீங்க சொன்னது சரி. கத்தினதுக்கு... சாரி."

"யார்கிட்டயும் வாயத் தொறக்கலைங்க. காலைல இருந்து பழைய பேடன்ட் எல்லாம் தேடினேன். அமெரிக்கா, ஜப்பான்... எங்கயும் இல்ல. நிஜமாவே புதுசுங்க! எப்படிங்க யோசிச்சீங்க?"

அவளுக்குக் கண் நிறைந்தது. "அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிடுமா?"

"போக வெப்போம்." தயங்கினான்... காது சிவந்தது. "உங்களையும்... ரொம்பப் புடிச்சிருக்குங்க."

மழைக்குப் பின் வெயில்போல் அவள் சிரித்தாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. மொதல்ல எங்க அண்ணன்கூட உக்காந்து பேசணும். அவனுக்குப் புடிக்கணும்..."

"உங்களுக்கு?"

"எனக்கா? நேத்தே புடிச்சிடுச்சு!"