பதினான்காம் பக்கத்துச் சிவப்புக் கோடுகள்

சனிக்கிழமை காலை 9.10. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான்கு வயதுப் பெண் குழந்தை இரண்டு நாளாகக் கண் திறக்காமல் கிடந்தது. காய்ச்சல் மருந்து கொடுத்த நர்ஸ் மீது தப்பில்லை. ஆஸ்பத்திரியின் புது மருந்துக் கையேட்டில் பதினான்காம் பக்கத்தைப் பார்த்துத்தான் கொடுத்தாள். அதில் 15 மில்லி என்று அச்சாகியிருந்தது. டாக்டர் எழுதியது 5.

9.40. கையேட்டை வடிவமைத்த அலுவலகத்துக்குள் பெண் இன்ஸ்பெக்டர் நுழைந்தார். மூன்று மேசை, மூன்று கம்ப்யூட்டர். குற்றவாளியைத் தயாராகவே வைத்திருந்தார்கள். பக்கங்களை வடிவமைப்பவள், முதலாளிக்குத் தம்பி மனைவி. அவள் எதிரே ஒரு தாள். ‘என் கவனக்குறைவால்’ என்று முதலாளியே எழுதி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் அவள் போட வேண்டியது.

இன்ஸ்பெக்டர் தாளை ஒதுக்கினார். “செவ்வாய்க்கிழமை என்ன நடந்துச்சு?”

“நாலரைக்குக் கடைசி நகல் எடுத்தேன். ப்ரூஃப் சார் படிச்சார். அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் கிளம்பிட்டோம்.”

பிழை திருத்துபவர் தடித்த கண்ணாடியோடு எழுந்து நகலை நீட்டினார். “பாருங்க மேடம், அஞ்சுதான். பதினஞ்சுன்னு இருந்தா என் கண்ணாடியே கத்தியிருக்கும்.”

“அப்புறம் யார் மாத்தினது?”

முதலாளி தொண்டையைச் செருமினார். “எங்க வீட்டுப் பொண்ணு, சொல்லவே கஷ்டமா இருக்கு. ஆறு மணிக்குத் திரும்பி வந்தா. ஏதோ விட்டுப்போச்சுன்னா. ஆறு இருபதுக்கு அவ பேர்லதான் பதிவாகியிருக்கு. நான் பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டேன்.”

“எந்த கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தாங்க?”

“அவளோடதுலதான். வேற எதுலயும் அவளுக்குக் கை ஓடாது.”

அவள் மறுக்கவில்லை. அவளுடைய பாஸ்வேர்டு திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஊருக்கே தெரிய ஒட்டியிருந்தது.

10.15. பிரஸ்ஸுக்குப் போன கோப்பை இன்ஸ்பெக்டர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். எல்லாம் சுத்தம். பதினான்காம் பக்கத்தில், மருந்தளவு இருந்த பெட்டியில் மட்டும் சொல்லுக்குச் சொல் சிவப்புக் கோடு.

“இது என்ன?”

“ஸ்பெல்செக் மேடம்,” என்றாள் அவள் மெதுவாக. “இது தமிழ்னு நாம சொல்லணும். இல்லன்னா இங்கிலீஷ்னு நினைச்சு எல்லாமே தப்புன்னு கோடு போடும்.”

“மத்த பக்கத்துல இல்லையே?”

“நகல் எடுக்கறதுக்கு முன்னாடி, புத்தகம் முழுக்க மொழியைத் தமிழ்னு மாத்திடுவேன். அது என் வழக்கம்.”

“மிஷின் மேடம், இஷ்டத்துக்குப் போடும்,” என்றார் முதலாளி. யாரும் அவரைக் கேட்கவில்லை.

10.30. இன்ஸ்பெக்டர் அவளுடைய கம்ப்யூட்டரில் புதுப் பெட்டி ஒன்று போட்டு, ‘மருந்து’ என்று அடித்தார். கோடு வரவில்லை. பிழை திருத்துபவருடையதிலும் வரவில்லை. முதலாளியுடையதில் அடித்தார். சட்டென்று சிவப்பு விழுந்தது.

“மத்த ரெண்டுலயும் புதுசா எது போட்டாலும் தமிழ்தான். நீங்க இங்கிலீஷ்ல லெட்டர் அடிக்கிற ஆள், உங்களோடது இங்கிலீஷாவே இருக்கு. இவங்க தன் சீட்ல திருத்தியிருந்தா இந்தக் கோடு வந்திருக்காது. இந்தப் பெட்டி உங்க கம்ப்யூட்டர்ல போட்டது. பாஸ்வேர்டைப் பார்த்து இவங்க பேர்ல உள்ள போயிருக்கீங்க. மாத்தினது நீங்கதான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் நாற்காலியில் சரிந்தார்.

“டாக்டர் ஃபோன் பண்ணினார். சாப்பிட்ட பிறகு கொடுக்கணும்னு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பக்கத்தைத் திருத்த இவ பேர்லதான் உள்ள போக முடியும், போனேன். சேர்க்கப் போய்ப் பெட்டியே அழிஞ்சுபோச்சு. புதுப் பெட்டி போட்டு ஞாபகத்துல இருந்து அடிச்சேன். பெரியவங்க அளவு வந்துடுச்சு.”

“எப்போ தெரிஞ்சுது?”

“மறுநாள் காலையில. நகலோட வச்சுப் பார்த்தேன்.”

“புத்தகம் ஆஸ்பத்திரிக்கு எப்போ போச்சு?”

பிழை திருத்துபவர்தான் பதில் சொன்னார். “மறுநாள் மூணு மணிக்கு மேடம். முந்நூறே முந்நூறு பிரதி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மூணு பேரும் உட்கார்ந்து திருத்தச் சீட்டு ஒட்டியே அனுப்பியிருப்போம்.”

11.05. முதலாளியை வண்டியில் ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தினமும் இந்தக் கோட்டோட மல்லுக்கட்டறவங்க நீங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?”

“முந்தாநாளே பார்த்தேன்.”

“ஏன் சொல்லலை?”

அவள் கையெழுத்துப் போடாத தாளை எடுத்து நான்காக மடித்தாள்.

“வீட்ல எல்லாரும் கூடிப் பேசினாங்க மேடம். என் வீட்டுக்காரரும்தான். முதலாளி மாமாவுக்கு ரெண்டு பொண்ணுங்க. எனக்குப் பிள்ளை இல்ல. நான் ஜெயிலுக்குப் போனா யாருக்கும் நஷ்டமில்லன்னாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.”