மரணக் காரணம்: வ.எ.

சட்டையில் கறை இருந்ததுகூடப் பெரிய விஷயமில்லை. அது உள்பக்கத்தில் இருந்ததுதான் சின்னவரின் மனைவிக்குப் பிடிபடவில்லை.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க. இஸ்திரிப் பெட்டி சுட்டா மேல்பக்கம்தானே சுடும்?"

வெள்ளைச் சட்டை. தொப்புளுக்கு நேர் மேலே, ஒரு நாணயம் அகலத்துக்குப் பழுப்பு. வெளியே அதன் சாயல் மட்டும் தெரிந்தது. திருப்பிப் பார்த்தால் நூல் கருகி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

"நீ திருப்பிப் போட்டுத் தேய்ச்சிருப்ப."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க சட்டையத் தேய்க்கிறேன். எந்தப் பக்கம் நீங்க, எந்தப் பக்கம் ஊருன்னு எனக்குத் தெரியாதா?"

சின்னவர் சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். தீய்ந்த பருத்தி வாசனை. அதற்கும் அடியில் வேறொன்று, அணைத்த திரியிலிருந்து வருமே, அந்தக் கொழுப்பு வாசனை. முந்தின நாள் சாயங்காலம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தார்.

சின்னவர் என்பது பெயரல்ல, தண்டனை. அவரும் அவருடைய பெரியப்பா மகனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். சில நாள் முந்திக்கொண்ட ஒரே தகுதியில் அவர் பெரியவர் ஆனார். இவர் தலை முழுக்க நரைத்த பிறகும் சின்னவர். பந்தியில் முதல் இலை பெரியவருக்கு. புகைப்படத்தில் நடு நாற்காலி பெரியவருக்கு. பெரியவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றார். சின்னவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர் அவர். பெரியவர் மட்டும் கண்ணாடியை வேறு கடையில் போட்டுக்கொண்டார். "என்கிட்ட காசு வாங்கத் தம்பி சங்கடப்படுவான்" என்று அதற்கு ஒரு பெருந்தன்மையான விளக்கம் வேறு.

ஓய்வு பெற்ற பெரியவர் மற்றவர்களைப் போலத் தோட்டம் போடவில்லை. ஆவணக் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, குடும்பத்தின் ஏழு தலைமுறையைத் தோண்டி எடுத்துவிட்டார். சொந்தங்களை எல்லாம் கூட்டிவைத்து அதைக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு ஒத்திகை பார்க்கத்தான் அன்று சின்னவரைக் கூப்பிட்டிருந்தார்.

கூடத்துச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. மரம் என்று பேர். ஆனால் தலைகீழ் மரம். முதல் ஆள் உச்சியில், மற்ற நண்டு சிண்டெல்லாம் கீழே. பெரியவர் பெயர் பொன்னிறத்தில் மின்னியது. சின்னவர் பெயர் எங்கே என்று தேடினால், அது சோபாவுக்குப் பின்னால் விழுந்திருந்தது.

"அங்கங்க வ.எ.ன்னு போட்டிருக்கே, என்னண்ணே அது?"

"பதிவேட்டுல மரணக் காரணம்னு ஒரு கட்டம் இருக்குடா தம்பி. அதுல எழுதியிருக்கு. வயது எய்தி. நம்ம வம்சம் ஆயுசு கெட்டி." பெரியவர் அவர் முதுகில் தட்டினார். "உனக்கு எங்கடா இதெல்லாம்? கடைய விட்டா உனக்கு உலகம் தெரியாது."

அப்போதுதான் வயிற்றில் சுருக்கென்றது. பழகிய சுருக்குதான். அமிலம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாத்திரை எப்போதும் பையில் இருக்கும். ஒன்றை எடுத்து மென்றுவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் கடையை மருமகனிடம் விட்டுவிட்டுக் காப்பகத்துக்குப் போனார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உச்சியில் இருக்கிற அந்த ஏழாம் ஆளுக்கு ஒரு அப்பா. ஒரு தலைமுறை மேலே போதும். காலம் பூராவும் பெரியவர் என்று பேர் வாங்கியவனுக்கு மேலே, ஒரே ஒரு கட்டம்.

காப்பகத்தின் வாசிப்பறை நீளமானது, ஜன்னல்கள் உயரத்தில், வெயில் உள்ளே வருவதற்குள் களைத்துப்போய்விடும். பூச்சி மருந்தும் பழந்தாளும் கலந்த வாசனை மூக்கில் உட்கார்ந்துகொள்ள, எங்கோ ஒரு மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் தொண்டையைச் செருமியது. காப்பாளர் அம்மா, மெலிந்த உருவம், பேச்சு மட்டும் தடிமன், பழைய தொகுதி ஒன்றை மேசைமேல் மெத்தை போட்டு வைத்தார்.

"எச்சில் தொட்டுப் புரட்டாதீங்க சார். எச்சில் தொட்டவங்க எல்லாம் இப்போ இந்தப் பதிவேட்டுக்குள்ளதான் இருக்காங்க."

சின்னவர் கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். பின்னால் வந்த குமாஸ்தாக்கள் எல்லாரும் வ.எ. என்று கிறுக்கியிருந்தார்கள். இந்தத் தொகுதியை எழுதியவருக்கு அவசரமில்லை. முத்து முத்தான எழுத்து. ஏழாமவரின் இளைய மகனுக்கு நேரே, மரணக் காரணம் என்ற கட்டத்தில் முழுச் சொல்லையும் எழுதியிருந்தார்.

வயிற்றெரிச்சல்.

சின்னவர் சிரித்துவிட்டார். பெரிய ஆராய்ச்சியாளர்! வயது எய்தியாம்!

"அசிடிட்டி அப்பவே இருந்திருக்கு பாருங்கம்மா. எங்க குடும்ப வியாதி."

காப்பாளர் அம்மா எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அது வியாதி இல்ல சார், குணம். பக்கத்துக் குறிப்பையும் படிங்க."

படித்தார். *அறை உள்ளே தாழிட்டிருந்தது. நாற்காலியின் முதுகு கரி. கூரையில் எண்ணெய்ப் புகை. முழங்காலுக்குக் கீழே பழுதில்லை. செருப்பு காலிலேயே இருந்தது. அண்ணனுக்கு ஊர் மரியாதை செய்த நாள்.*

மின்விசிறி செருமியது.

அடுத்த தலைமுறையின் தொகுதியைக் கேட்டார். அதற்கடுத்ததையும் கேட்டார். ஒவ்வொன்றிலும் இரண்டு பங்காளிகள். ஒருவன் காய்ச்சலிலோ முதுமையிலோ போயிருந்தான். மற்றவனுக்கு வ.எ. தம்பிதான் என்றில்லை, சில இடங்களில் அண்ணன். ஆனால் தலைமுறைக்கு ஒருவன். சின்னவரின் அப்பா மாரடைப்பில் போனார். பெரியப்பா எப்படிப் போனார் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. அந்த அறையின் கூரைக்கு மட்டும் அடிக்கடி வெள்ளையடிப்பார்கள், அடிக்க அடிக்க ஒரு பழுப்பு வட்டம் மேலே வந்துவிடும். சின்னவர் சிறுவயதில் அதை மழைக்கசிவு என்று நினைத்திருந்தார்.

தலைமுறைக்கு ஒருவன். இந்தத் தலைமுறையில் இருப்பது இரண்டே பேர்.

புட்டியைத் திறந்து குளிர்ந்த தண்ணீரை மளமளவென்று குடித்தார். தொண்டையைத் தாண்டி, மார்பைத் தாண்டி, கீழே எங்கோ போய்ச் சேர்ந்தது தண்ணீர்.

சுர்ர்ர்.

காய்ந்த கல்லில் தெளித்த மாதிரி. காப்பாளர் அம்மா தலை நிமிர்ந்து, "யாரோ சட்டையைச் சுட்டுக்கிட்டாங்க" என்று ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அதன் பிறகு சின்னவர் பொறாமையே படக் கூடாது என்று தீர்மானித்தார். தும்மல் போடக் கூடாது என்று தீர்மானித்தவன் கதைதான். பல் துலக்கும்போது பெரியவரின் பல்வரிசை ஞாபகம் வந்தது. வாசலில் நின்றால் பெரியவர் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. மனைவி புது பனியன்கள் வாங்கி வைத்தாள். அவை ஒவ்வொன்றாக உள்ளிருந்து பழுத்தன.

"அப்படி என்னதான் உள்ள வெச்சிருக்கீங்க?" என்றாள் ஒருநாள், கருகிய பனியனை விரலில் தொங்கவிட்டு. வழக்கமான கேலி அந்தக் குரலில் இல்லை.

சில நாள் கழித்து எட்டாம் ஆள் அகப்பட்டார். அவற்றுக்கும் முந்தைய ஒரு தொகுதியின் கடைசியில், ஏழாமவரின் பெயருக்குப் பக்கத்திலேயே தகப்பன் பெயர், ஊர், கைநாட்டு எல்லாம். சின்னவர் பென்சிலைக் கீழே போட்டார். அந்த நொடியில் வயிறு குளிர்ந்தது. நடு வயிற்றில் ஐஸ் வைத்த மாதிரி, பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு அறிந்திராத குளிர்ச்சி.

அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த நெருப்புக்கு ஆள் முக்கியமில்லை. எவன் கீழே இருக்கிறானோ அவனிடம் போகும். இவர் மேலே ஏறினால் போதும்.

"அடுத்த பக்கமும் பாருங்க சார்," என்றார் காப்பாளர் அம்மா. "எட்டாமவரோட பிள்ளைங்க சாவு அங்கதான் இருக்கு. ரெண்டு பேரையும் ஒண்ணா எழுதியிருக்காங்க."

"போதும்மா. எனக்கு இதுக்கு மேல வேண்டாம்." மூடிவிட்டார்.

கூட்டத்தன்று பெரியவர் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. அத்தைகள், மாமாக்கள், மடியில் தூங்கும் குழந்தைகள். பெரியவர் விளக்குகளை அணைக்கச் சொன்னார். திரைச்சீலைகள் இழுக்கப்பட்டன, வியர்வையும் பவுடரும் கலந்த இருட்டு, புரொஜெக்டரின் மெல்லிய உறுமல், சுவரில் அந்தத் தலைகீழ் மரம்.

"ஏழு தலைமுறை!" என்றார் பெரியவர்.

கைதட்டல். ஒவ்வொரு தட்டலும் சின்னவர் வயிற்றில் துருத்தி ஊதியது. குனிந்து பார்த்தார். பொத்தான்களுக்கு இடையே, துணிக்கு உள்ளே, ஒரு சிவப்புப் புள்ளி. பீடி நுனி அளவு. சட்டென்று கையால் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். உச்சியில இருக்கிறவருக்கும் ஒரு அப்பா உண்டு. நான் கண்டுபிடிச்சிருக்கேன்."

பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார்.

"அடடே, சின்னவனா!" என்றாள் ஒரு அத்தை. "வாயத் திறக்காம இருந்துகிட்டு அண்ணனையே தூக்கிச் சாப்பிட்டுட்டானே!"

சிரிப்பு. கைதட்டல், முன்னைவிடப் பலமாக. சின்னவரின் உள்ளங்கைக்குக் கீழே சூடு அவிந்தது. குளிர்ச்சி. என்ன ஒரு குளிர்ச்சி.

எதிரே, புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற பெரியவரின் பட்டுச் சட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது.

"டேய் தம்பி," என்றார் பெரியவர். சின்னவர் ஒருநாளும் கேட்டிராத சின்னக் குரல். "எனக்கு என்னமோ பண்ணுதுடா."

அண்ணனை மறுபடி மேலே ஏற்றிக் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதும் என்று சின்னவருக்குத் தெரியும். எல்லாம் நீங்க போட்ட பாதைண்ணே. அவ்வளவுதான். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அவரோட கைநாட்டுகூட என்கிட்ட இருக்கு," என்றார்.

புள்ளி நாணயமானது. நாணயம் தட்டானது. விலா எலும்புகள் தெரிந்தன, விளக்குக் கூண்டின் கம்பிகள் மாதிரி. திரி வாசனை. யாரோ வீறிட்டார்கள். நாற்காலிகள் சரிந்தன. எல்லாரும் ஓடினார்கள். பெரியவரிடம். அத்தைகள் ஓடினார்கள். தண்ணீர் என்று கத்தினார்கள். "ஐயோ, பெரியவரே!" என்று தலையில் அடித்துக்கொண்டு சின்னவரின் மனைவியும் ஓடினாள்.

சின்னவர் நின்றார். தனியாக.

எட்டாமவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டார்கள். காலத்துக்கும் இந்த வீட்டில் பெரியவர் பேச்சுத்தான். சாவிலும் நடு நாற்காலி அவனுக்குத்தான்.

சுருக்.

அவர் படிக்காமல் மூடிய அந்த அடுத்த பக்கம். இரண்டு பேரும் ஒன்றாக.

கையால் பொத்தினார். விரல்களின் ஊடே வெளிச்சம் வந்தது. பொத்தான் ஒன்று உருகிக் காலடியில் சொட்டியது. கூப்பிட வாயைத் திறந்தார், புகை வந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

கீழிருந்து எழுந்த அந்த வெளிச்சம் சின்னவரின் தலையைப் பெரிய கறுப்பு நிழலாகச் சுவரில் எறிந்தது. நிழல் மரத்தின்மேல் ஏறியது. பொன்னெழுத்தைத் தாண்டி, ஏழு தலைமுறையையும் தாண்டி, உச்சிக் கட்டத்துக்கும் மேலே போய்க் கூரையில் நின்றது. நின்று, வாயைத் திறந்தபடி, மெல்ல மெல்ல எண்ணெய்ப் புகையாகப் படிந்தது.