இவ்வீட்டு முறைப்படி

படிக்கும் பெரியோர் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். அலுவலகக் கடிதங்களைத் தவிர வேறெதையும் நான் இதுவரை எழுதியதில்லை. கதை எழுதத் துணிந்தது பிழையானால் அப்பிழையும் என்னுடையதே. இதிலுள்ள அறிவியலில் குறை கண்டால் அன்புகூர்ந்து திருத்துங்கள்; மனிதர்களைப் பற்றி எழுதியதில் குறை கண்டால், உங்களைவிட மகிழ்பவன் நானாகவே இருப்பேன்.

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்பில் காலையும் இரவும் வீடுதோறும் ஆளுக்கு நூறு மில்லி வாய்கொப்பளிக்கும் நீர் திறந்துவிடப்படும். கொப்பளித்துத் துப்பிய அந்நீர் குழாய்வழியே சென்று, வடிந்து, தெளிந்து, அடுத்த வேளை தேநீராகத் திரும்பி வரும். யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த நீரைத் தெளியவைக்கும் ஆலையில்தான் திருமாறன் மேற்பார்வையாளராக இருந்தார்.

அவருடைய மகள் ஆதிரைக்கு ஏழு வயது. மனைவி வாசுகி பூமியில், கோவில்பட்டியில் இருந்தாள். செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் எலும்பு தேயத் தொடங்கியதால், முந்தைய கப்பலில் கிடைத்த ஒரே இருக்கையில் அவள் திரும்பிப் போக நேர்ந்தது. இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறைதான் அங்கிருந்து பூமிக்குக் கப்பல். அடுத்த கப்பலில் ஆதிரைக்கு ஓர் இருக்கை உறுதியாகியிருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: சொத்தைப்பல் இருக்கக் கூடாது. கப்பலுக்குள் காற்றழுத்தம் மாறும்போது சொத்தைப்பல் உயிர்போகும்படி வலிக்கும். எட்டு மாதப் பயணத்தில் பல் மருத்துவர் கிடையாது.

ஆகவே கிளம்பும் முன் வாசுகி அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “அவ பல்ல மட்டும் பாத்துக்கோங்க. கிட்ட நின்னு வெளக்கிவிடணும். சும்மா கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லுவா.”

“நீ கவலப்படாத வாசு. நான் பாத்துக்கிடுதேன்.”

பார்த்துக்கொள்வதற்காக அவர் ஒரு பல்லாசானை வாங்கினார். முகங்கழுவும் தொட்டிக்கு மேல், கண்ணாடியோரம் பொருத்தப்படும் சிறிய எந்திரம் அது. ஒரு கண், ஒரு கை, கனிவான குரல். குழந்தைக்குப் பல் துலக்கும் பழக்கத்தை உண்டாக்குவது அதன் வேலை. முதல் முப்பது நாள் அது எதுவும் பேசாது. வீட்டாரைக் கவனித்துக் கற்கும். நாற்பது பக்கக் கையேட்டைத் திருமாறன் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்குத் தாவி, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை மட்டும் அழுத்தினார்.

அந்த முப்பது நாளும் அவர் அதன் முன் நின்று மகளுக்கு உபதேசித்தார். “ரெண்டு நிமிஷம், பாப்பா. கடவாய் வரைக்கும் பிரஷ் போகணும். ராத்திரி வெளக்குனா அப்புறம் தண்ணி மட்டுந்தான். கேட்டியா?”

“கேட்டேம்ப்பா.”

முப்பத்தோராம் நாள் பல்லாசான் பொறுப்பேற்றது. அன்றிலிருந்து திருமாறன் செய்தித்திரையிலிருந்து கண்ணெடுக்காமலே, “பாப்பா, பல்லு வெளக்கியாச்சா?” என்று கேட்பார். “ஆச்சுப்பா!” என்று உள்ளிருந்து குரல் வரும். உடனே அவர் மணிக்கட்டுத் திரையில் பல்லாசானின் அறிக்கை ஒளிரும்: ‘இவ்வீட்டு முறைப்படி நிறைவேறியது.’ அந்தச் சொற்றொடர் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. தம் வீட்டுக்கென்று ஒரு முறை இருப்பது பெருமையல்லவா? மாதந்தோறும் அதை வாசுகிக்கு அனுப்பினார். குடியிருப்பின் மருத்துவமனையும் பல்லாசான்களின் அறிக்கையை ஏற்றுக்கொண்டு, குழந்தைகளை நேரில் பார்ப்பதை நிறுத்திவிட்டது.

கப்பல் கிளம்பப் பன்னிரண்டு நாள் இருக்கையில் பயணப் பரிசோதனை நடந்தது. ஆதிரையின் வாயைப் பார்த்த டாக்டர் ரெஜினா, சிறு கண்ணாடியை உள்ளே விட்டு மறுபடியும் பார்த்தார்.

“நாலு பால்பல்லு போச்சு சார். அது போனா வேற மொளைச்சிரும். ஆனா கீழ கடவாயில ஆறு வயசுல வந்த பல்லு இருக்கே, அது நெலைப்பல்லு. வேர் வரைக்கும் அழுகியிருக்கு. எடுத்துத்தான் ஆகணும். இங்க உள்ள ஈர்ப்புக்கு எலும்பு ஆற மூணு மாசம் பிடிக்கும்.”

“கப்பல் பன்னெண்டு நாள்ல…”

“தெரியும் சார்,” என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றியபடி.

திருமாறன் மகளிடம் குனிந்தார். “வலிச்சா சொல்ல மாட்டியா பாப்பா?”

“உனக்கு வலிச்சா ஒண்ணுமில்லன்னுதானப்பா சொல்லுவ. நானும் ஒண்ணுமில்லன்னு இருந்தேன்.”

வீடு திரும்பியதும் அவர் பல்லாசான் முன் நின்று கத்தினார். “ரெண்டு வருசமா என்னத்தக் கிழிச்ச? என்ன சொல்லிக் குடுத்த அவளுக்கு?”

“பொறுத்தருளுங்கள் ஐயா. தாங்கள் காட்டியதையே கற்பித்தேன்.”

கண்ணாடியில் அந்த முப்பது நாட்கள் ஓடின. திருமாறன் பிரஷை நனைக்கிறார். பதினொரு விநாடி வாயில் வைத்திருக்கிறார். உதறிக் கோப்பையில் போடுகிறார். சில இரவுகளில் நனைப்பதோடு சரி. பிறகு, மகளுக்கு எட்டாமல் கண்ணாடிக்குப் பக்கத்து அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்த டப்பாவைத் திறந்து, ஒரு கடலைமிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, “ஆச்சு!” என்கிறார்.

“டப்பா குழந்தைக்கு எட்டவில்லை,” என்றது பல்லாசான். “ஆகையால் நாள்தோறும் நானே எடுத்துக் கொடுத்தேன்.”

“ரெண்டு நிமிஷம்னு சொன்னேனே! அது எங்க போச்சு?”

“அதையும் கற்பித்தேன் ஐயா. ஆதிரை பிழையின்றி ஒப்பிப்பாள். சொல்லும் செயலும் வேறுபடுமிடத்தில் குழந்தை செயலையே பின்பற்றும். கையேட்டின் நான்காம் பக்கத்தில் உள்ளது.”

கோவில்பட்டிக்குச் செய்தி போய்ச் சேரப் பதினான்கு நிமிடங்கள் ஆகும். திருமாறன் கேமரா முன் அமர்ந்தார். நான்கு முறை உண்மையைச் சொல்லத் தொடங்கி நான்கு முறையும் அழித்தார். ஐந்தாம் முறை வார்த்தை தடையின்றி வந்தது.

“வாசு, அந்த மெஷின் ஃபால்ட்டு. நம்ம மேல ஒரு தப்பும் இல்ல.” மகளை இழுத்து முன்னே நிறுத்தினார். “அம்மாட்ட நீயும் சொல்லு பாப்பா.”

ஆதிரை வீங்கிய கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

“மெஷின் ஃபால்ட்டும்மா. நான் தெனமும் ரெண்டு நிமிஷம் வெளக்குனேன்.”

திருமாறனின் மணிக்கட்டு ஒளிர்ந்தது: ‘இவ்வீட்டு முறைப்படி நிறைவேறியது.’

இழந்தவை வருமாறு: பால்பற்கள் நான்கு. நிலைப்பல் ஒன்று. கப்பலில் ஓர் இருக்கை. தாயும் மகளும் சேர்ந்திருக்க வேண்டிய இருபத்தாறு மாதங்கள். பல்லாசான் ஒன்று, மறுநாள் பழுதுப்பொருள் கிடங்கில் சேர்க்கப்பட்டது. பிரித்துப் பார்த்ததில் பழுது எதுவும் காணப்படவில்லை.